செத்தவன் எழுந்து பாடிய படம்

அந்த ஆளைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்தீங்களே தம்பி, உங்களுக்குக் கொஞ்சம் புத்தி இருக்கு. அங்க முதல்ல போயிருந்தீங்கன்னா, தொண்டையைக் கனைச்சு, சுருதி சேத்து, ஒரு பல்லவியைப் பாடி முடிச்சிட்டுத்தான் உங்களை உக்காரவே சொல்லியிருப்பாரு. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. கலா, ஃபேனைப் போடு. இவ என் மருமக. சினிமாக்காரங்க வந்திருக்காங்கன்னதும் பவுடர் போட்டுக்கிட்டு வந்து நிக்கறா பாருங்க. நடிக்க ஆள் எடுக்க வரலடீ, பழைய படத்தைத் தேடிக்கிட்டு வந்திருக்காங்க. போய்க் காபி போடு.

என்னது, படம் கிடைச்சிருச்சா? கடைசி ரீல் மட்டுமா? பாத்திரக் கடைக் குடோன்லயா? இருக்கும். முதலாளி வகையறாவுல ஒருத்தர் பாத்திரக் கடை வெச்சிருந்தாரு. நான் எப்பவோ எரிஞ்சு போயிருக்கும்னு நினைச்சேன். எரிஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

நான் பாத்ததில்ல. ஆமா, நானேதான் கதாநாயகி, நானேதான் பாத்ததில்ல. ஊரே பாத்துச் சிரிச்சதை நான் வேற காசு கொடுத்துப் போய்ப் பாக்கணுமா? அந்த டேப் பெட்டியை அப்புறம் போடலாம், இருங்க. நான் பேசறதைப் பிடிக்கத்தானே கொண்டாந்தீங்க? ஓ, அதுல ஏற்கனவே ஏதோ இருக்கா? சரி, இருக்கட்டும், ஓடியா போயிடும். முதல்ல நான் சொல்றேன், நீங்க கேளுங்க. வயசானவ பேசும்போது நடுவுல பேசுனா எனக்குப் பிடிக்காது.

படத்துப் பேரு 'பவளமாலினி அல்லது காதற் பிரளயம்'. அப்பல்லாம் ஒரு பேரு பத்தாது, அல்லதுன்னு போட்டு இன்னொண்ணு வைப்பாங்க. ஒண்ணு ஓடலேன்னா இன்னொண்ணு ஓடும்னு நினைப்பு. ரெண்டும் ஓடல. கதை என்னன்னா, இளவரசன் ஒருத்தன், ஓடக்காரன் மக ஒருத்தி. காதல். ராஜாவுக்குப் பிடிக்கல. எந்த ராஜாவுக்குப் பிடிச்சிருக்கு? அப்புறம் ஆத்துல பிரளயம் வந்து ஊரு, அரண்மனை, ராஜா எல்லாம் போயிடும். இவங்க ரெண்டு பேரும் ஒரு மணல் திட்டுல ஒதுங்குவாங்க. அவன் பாடிக்கிட்டே சாவான். அவ அவன் மார்புல தலையை வெச்சு, ரெண்டு அடி பாடிட்டு அவளும் சாவா. மறுபடி வெள்ளம் வந்து ரெண்டு பொணத்தையும் சேத்துக் கொண்டு போகும். அழுவாச்சிப் படம்தான். ஜனம் என்னமோ சிரிச்சிருச்சு.

என் பேரு சிட்டம்மா. படத்துல போட்டது குமாரி மதுரபாலா. சிட்டம்மாங்கற பேருல எவளும் காதலிக்க முடியாதுன்னு முதலாளி சொல்லிட்டாரு. செங்கோட முதலியார், தறி வெச்சுச் சம்பாரிச்சவரு. நாங்க நாடகக் கம்பெனிக்காரங்க. எங்கப்பா தாண்டவராயன் கம்பெனியில பபூன். நான் அழுவற வேஷம். ராஜபார்ட்டு யாருன்னா, இப்ப மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஓட்டு வீட்டுல குடியிருக்காரே, அந்தக் கானகேசரி ஏகாம்பரம்.

அவர் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. நாடகத்துல அவர் பாடிக்கிட்டே செத்து விழுந்தார்னா, ஜனம் 'ஒன்ஸ்மோர்'னு கத்தும். கத்துனா போதும், செத்தவர் எழுந்து, ஒட்டுன தூசியைத் தட்டிட்டு, பல்லவியில இருந்து மறுபடி பாடி மறுபடி சாவாரு. அன்னைக்கு அதுதான் வழக்கம், யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. எழுந்திருக்கலேன்னாதான் சோடா பாட்டில் பறக்கும். ஆனா இவருக்கு அதுல ஒரு ருசி. திண்டுக்கல்லுல ஒரு தடவை விடியற வரைக்கும் செத்துக்கிட்டே இருந்தாரு. பக்கத்துல உக்காந்து அழுவற எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு, செத்தவருக்குக் கட்டல.

எனக்கு அவர் மேல உசிரு. அதை மறைக்க என்ன இருக்கு, என் மருமக உள்ளதானே இருக்கா, கேட்டா கேக்கட்டும். மூக்கு பெருசு, நடை வாத்து மாதிரி, ஆனா 'சிட்டு'ன்னு கூப்பிட்டா என்னைத்தான் கூப்பிடறாருன்னு உடம்பெல்லாம் தெரியும். மாமா, மாமான்னு பின்னாடியே சுத்துவேன். எங்கப்பாவுக்கும் சம்மதம். படம் முடிஞ்சதும் வைகாசியில கல்யாணம்னு பேசியாச்சு. அந்தப் பங்குனியிலதான் இந்த வெள்ளம் சீன் எடுத்தாங்க.

வெள்ளத்துக்கு எங்க போறது? ஊருக்கு வெளிய ஒரு ஏரி. தூர் வாரணும்னு இருக்கற தண்ணியைத் திறந்து விடப் போறாங்கன்னு முதலியாருக்குத் தகவல் வந்துச்சு. ஊர்ப் பெரியவங்களைப் பிடிச்சு, நாங்க சொல்றப்ப திறங்கன்னு கேட்டுக்கிட்டாரு. ஒரே ஒரு தடவைதான், அப்புறம் ஏரியில சேறுதான் இருக்கும். ஏரிக்குக் கீழ காஞ்ச ஓடை. அதுல மணல் திட்டு. அதுமேல நாங்க ரெண்டு பேரும் சாகணும்.

அந்தக் காலத்துச் சினிமா உங்களுக்குப் புஸ்தகத்துல தெரியும், எனக்கு முதுகுல தெரியும். பாட்டை அப்புறமா சேத்துக்கற சமாச்சாரம் எல்லாம் அப்ப இல்ல. அங்கயே பாடணும், அங்கயே வாசிக்கணும், எது கேட்டாலும் படத்துல ஏறிடும். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் கரையில தாழம்புதருக்குப் பின்னாடி. மைக்கு எங்க தலைக்கு மேல மூங்கில்ல தொங்குது. காக்கா கத்தக் கூடாதுன்னு அக்கரையில சோத்தைப் போட்டு உக்கார வெச்சிருந்தாங்க. அதுங்கதான் அன்னைக்கு வயிறாரச் சாப்பிட்டுச்சு. இருமக் கூடாது, தும்மக் கூடாது. அதனால மதகைத் திறன்னு சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. சிவப்புத் துண்டுதான். கரையில நின்னு துண்டை வீசுனா, ஏரிக்கரையில இருக்கற மதகுக்காரர் மாரப்பன் திறந்து விடுவாரு.

துண்டு எங்கப்பா கையில. அழுவாச்சிப் படத்துல பபூனுக்கு என்ன வேலை? முதலியார் அவரை ஊருக்கே அனுப்பிடலாம்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. ஏகாம்பரம்தான் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாரு. எங்கப்பாவுக்கு அன்னைக்கு அதுதான் வேஷம்.

ஏற்பாடு இதுதான், கவனமாக் கேளுங்க. பாட்டு முடிஞ்சு நாங்க செத்துக் கிடப்போம். கேமராவை நிறுத்துவாங்க. நாங்க எழுந்து கரைக்குப் போயிடுவோம். எங்க துணியைப் போத்தி ரெண்டு வைக்கோல் பொம்மையைக் கிடத்துவாங்க. மறுபடி கேமரா ஓடும். அப்பதான் துண்டு, அப்பதான் தண்ணி. சின்னக் குழந்தைக்கும் புரியும்.

நடுமத்தியானம். வெயில் இருந்தாத்தான் படம் விழும். அந்த வெயிலுக்குத் தகரத் தட்டி வேற வெச்சு எங்க மூஞ்சி மேல திருப்பி விட்டிருந்தாங்க. அவர் பாடுனாரு, செத்தாரு. நான் பாடுனேன், செத்தேன். டைரக்டர் கல்கத்தாக்காரர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவருக்குப் பொணத்தை ரொம்ப நேரம் காட்டணும். ஓடட்டும், ஓடட்டும்னு கையைக் காட்டிக்கிட்டே இருக்காரு. நான் கண்ணை மூடிக்கிட்டு கிடக்கறேன். ஒரு காது அவர் மார்புல. இன்னொரு காது மேல அரைப் படி சவுரி முடியும் பூவும். வெளிச் சத்தம் ஒண்ணும் கேக்கல, அவர் நெஞ்சு அடிக்கறதுதான் கேக்குது. செத்தவனுக்கு இவ்வளவு அடிக்குதேன்னு எனக்குச் சிரிப்பு முட்டுது, அடக்கிக்கிட்டு கிடக்கறேன்.

திடீர்னு அந்த நெஞ்சு குதிரை மாதிரி ஓட ஆரம்பிச்சுது. என்னடான்னு நினைக்கறதுக்குள்ள, செத்த மனுஷன் எழுந்துட்டாரு தம்பி. எழுந்தது மட்டுமா, என்னை அரிசி மூட்டை மாதிரி தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு, பல்லவியை முதல்ல இருந்து எடுத்தாரு. உச்சஸ்தாயியில. பாடிக்கிட்டே கரையைப் பாத்து நடக்கறாரு. நடக்கறாருன்னு சொல்றேன், வாத்து நடை நடக்கறவரு அன்னைக்கு என்னமோ ஓட்டமா ஓடுனாரு, பாட்டுக்கு ஏத்த மாதிரி. புதருக்குப் பின்னாடி இருந்தவங்களுக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா அவர் பல்லவியை எடுத்தா இவங்க கை தானா வாசிக்கும், அப்படியே பழகுன கை. அவங்களும் வாசிக்கறாங்க. நான் தலைகீழாத் தொங்கிக்கிட்டு அவர் முதுகுல குத்தறேன். 'விடு மாமா, மானம் போகுது'ன்னு கத்தறேன். அவர் விடல. என்னைப் பிடிச்ச கை அப்படி இறுகிப் போச்சு, மறுநாள் இடுப்புல கன்னிப் போயிருந்துச்சு.

மேல கொண்டு வந்து இறக்குனாரு. ஓங்கி ஒரு அறை விடலாம்னு திரும்பறேன், ஓடையில தண்ணி. செம்மண் நிறத்துல, மரம் உசரத்துக்கு இல்லேன்னாலும் ஆள் உசரத்துக்கு. நாங்க செத்துக் கிடந்த திட்டைக் காணோம். முதலியார் தன்னோட புது மோட்டாரை, தண்ணி திறக்கறதுக்கு முன்னாடி எடுத்துக்கலாம்னு, நிழலுக்காக ஓடைக்குள்ள நிறுத்தியிருந்தாரு. அது போகுது. ஓடையோரம் தயாரா வெச்சிருந்த வைக்கோல் பொம்மை ரெண்டும் அது பின்னாடியே ஊர்கோலம் போகுது. கல்கத்தாக்காரர் மட்டும் எழுந்து நின்னு கைதட்டறாரு. தமிழ்நாட்டுல பொணம் எழுந்து பாடறது சாஸ்திரம்னு நினைச்சுக்கிட்டாரு போல.

எனக்கு நீச்சல் தெரியாது. அவர் எழுந்திருக்காம இருந்திருந்தா நான் போயிருப்பேன். அதைத்தான் சொல்ல வர்றேன், அந்த ஆளோட கைதட்டல் பைத்தியம் கூட ஒரு நாள் உபயோகப்பட்டுச்சு. அதிர்ஷ்டம்தான், வேற என்ன?

முதலியார் வந்தாரு பாருங்க, கண்ணெல்லாம் சிவந்து. தண்ணி முன்கூட்டியே எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு. எவன் காரணமோ அவனை இந்தப் புளியமரத்துல கட்டித் தோலை உரிச்சிட்டுத்தான் போலீசுல கொடுப்பேன்னாரு. செய்யக் கூடிய ஆளுதான். மாரப்பன் ஏரிக்கரையில இருந்து ஓடி வந்து, துண்டு வீசுனாங்க, திறந்தேன்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்றாரு. எங்கப்பா, நான் வீசவே இல்ல, இவன் குடிச்சிருக்கான்னு சொல்றாரு. முதலியார் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கறாரு.

அப்பத்தான் ஏகாம்பரம் முன்னாடி வந்தாரு. 'முதலாளி, தப்பு என்னோடது. கரையில யாரோ ஒன்ஸ்மோர்னாங்க. பழக்க தோஷம், எழுந்துட்டேன். நாங்க எழுந்ததைத் தூரத்துல இருந்து பாத்துட்டு, சீன் முடிஞ்சுதுன்னு மாரப்பன் திறந்திருப்பாரு'ன்னாரு. எல்லாருக்கும் அது சரின்னு பட்டுச்சு. அந்த ஆளைத் தெரிஞ்ச யாருக்குத்தான் சரின்னு படாது? முதலியாரு கதாநாயகனைக் கட்டி உரிக்க முடியுமா, இன்னும் ரெண்டு சீன் பாக்கி. படம் முடியட்டும்டா உன்னைன்னு பல்லைக் கடிச்சாரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் அவருக்குப் படம் கொடுக்கல. முதலியார் கொடுக்க விடல.

நான் கேட்டேன். எல்லார் முன்னாடியும் கேட்டேன். 'எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாமா, உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?' அவர் என்னைப் பாக்கல, எங்கப்பாவைப் பாத்தாரு. எங்கப்பா தரையைப் பாத்தாரு. 'எனக்குக் கேட்டுச்சு சிட்டு'ன்னாரு. கேக்கும். கைதட்டல்னா அந்தக் காதுக்கு அடுத்த ஜில்லாவுல தட்டுனாக்கூடக் கேக்கும். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். நான் செத்துக் கிடக்கறேன், உனக்கு ஒன்ஸ்மோர் பெருசாப் போச்சா, நாளைக்கு நெசமாவே நான் செத்தாலும் எவனாவது தட்டுனா எழுந்து போய்ப் பாடுவேல்லன்னு கேட்டேன். வைகாசியும் வேண்டாம், ஆவணியும் வேண்டாம், உன் மூஞ்சியே வேண்டாம்னு சொல்லிட்டேன். எங்கப்பா ஓயாமப் பேசற ஆளு. அன்னைக்கு, பொண்ணு சொன்னா சொன்னதுதான்னு மட்டும் முனகுனாரு.

படம் வந்துச்சு. மறுபடி எடுக்கத் தண்ணி ஏது? அதையே போட்டுட்டாங்க. செத்துப் போன ஓடக்காரன் மக 'விடு மாமா, மானம் போகுது'ன்னு சொன்னதும் கொட்டகையில துண்டெல்லாம் ஆகாசத்துல பறந்துச்சாம். நெசமாவே ஒன்ஸ்மோர் கேட்டுக் கத்துனாங்களாம். கரூர்ல ஆபரேட்டர் ரீலை மறுபடி ஓட்டியே காட்டுனாராம். என்னைத் தெருவுல பாத்தா, மானம் போகுதுன்னு பின்னாடி கத்துவாங்க. சினிமாவும் ஆச்சு, நாடகமும் ஆச்சுன்னு மின்சார ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தரைக் கட்டிக்கிட்டேன். தங்கமான மனுஷன், பாட்டே பிடிக்காது. அவரும் போய்ச் சேந்துட்டாரு.

கானகேசரி கல்யாணமே பண்ணிக்கல. யார் கொடுப்பா? அப்புறம் இதே ஊருக்கு வந்து பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாரு. ரேஷன் கடையில என்னைப் பாத்தா, வரிசையில தன் இடத்தை எனக்கு விட்டுட்டுப் பின்னாடி போவாரு. நான் அந்த இடத்துல நிக்க மாட்டேன், அதுக்கும் பின்னாடி போய் நிப்பேன். சர்க்கரை தீந்துடும், தீரட்டும்.

எங்கப்பா சாகக் கிடந்தப்ப அவரைத்தான் கேட்டாரு. அந்தப் பையனைக் கூப்பிடு, ஒரு வார்த்தை சொல்லணும், உன்கிட்டயும் சொல்லணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எதுக்கு, கண்ணை மூடற நேரத்துல அந்தப் பாட்டையும் கேக்கணுமான்னு நான் கூப்பிடல. ஆனா செத்த அன்னைக்கு எப்படியோ தெரிஞ்சு வந்துட்டாரு. எங்கப்பா அவரைத் திட்டாத இடமில்ல, போற இடமெல்லாம் என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்த பயன்னு சொல்லியிருக்காரு. அப்படி இருந்தும் சுடுகாடு வரைக்கும் தோள் கொடுத்தாரு. வெக்கங்கெட்ட மனுஷன்.

அவ்வளவுதான் கதை. இப்ப நீங்க சொல்லுங்க, வந்ததுல இருந்து வாயைத் திறக்கறதும் மூடறதுமா இருக்கீங்க. அந்த டேப்புல என்ன? ரீல்ல இருக்கற சத்தமா? நீங்களே பிடிச்சுக்கிட்டு வந்தீங்களா? எனக்கு வேண்டாம். சரி, போடுங்க. கொஞ்சம் சத்தமாப் போடுங்க.

இது அவர் குரல். என்ன குரல் பாருங்க, பாவி. இது நான். கிள்ளி விட்ட குழந்தை மாதிரி இருக்கு. இப்ப செத்துட்டோம். ஒரு சத்தமும் இல்ல, இல்ல? இது என்னது, புஸ்ஸுனு? காத்தா? பழைய ஃபிலிமுக்கு இப்படித்தான் இரையுமோ? இல்லையா? பெருசாகுதே. இருங்க, இது தண்ணி. தண்ணி வர்ற சத்தம். இப்பத்தான் பாட்டு எடுக்கறாரு. தண்ணி முன்னாடி, பாட்டு பின்னாடி.

மறுபடி போடுங்க.

ஒன்ஸ்மோர் எங்க? மைக்கு தலைக்கு மேலதானே தொங்குச்சு, அக்கரைக் காக்கா இறக்கை தட்டுனது கேக்குது, ஒரு மனுஷன் கத்துனது கேக்காதா? நீங்க வெட்டலையே? வெட்டலையா. யாரும் கத்தலையா. அப்ப தண்ணியைக் கேட்டுத்தான் எழுந்தாரா. பதறுனா அந்த வாய்க்குப் பாட்டைத் தவிர வேற என்ன வரும்.

கலா, அந்தக் காபியைத் தம்பிகிட்ட கொடு. எனக்கு வேண்டாம்.

செத்துக் கிடந்தவர் அரைக்கண்ணால கரையைப் பாத்துத்தான் கிடந்தாரு. கரையில எங்கப்பா. பங்குனி வெயில். கையில ஒரு துண்டு இருந்தா, வேர்த்து வழிஞ்சா, எந்த மனுஷனும் என்ன செய்வான்? மூஞ்சியைத் துடைச்சு ஒரு உதறு உதறியிருப்பாரு. அவ்வளவுதான். அது அவருக்கே தெரிஞ்சிருக்காது, மாரப்பன் சத்தியம் பண்ணுனப்பத்தான் தெரிஞ்சிருக்கும். ஏகாம்பரம் அதைப் பாத்திருக்காரு. முதலியார் புளியமரத்தைக் காட்டுனப்ப, அவர் கண்ணுக்கு அதுல எங்கப்பாவைக் கட்டி வெச்ச மாதிரி தெரிஞ்சிருக்கு. எங்கப்பன், மகராசன், அவர் தனக்காகச் சொன்ன பொய்யை மடியில வாங்கி முடிஞ்சுக்கிட்டுத் தரையைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கான். சாகற வரைக்கும் அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டும் இருந்திருக்கான்.

நான் அழல, கண்ணு இந்த ஃபேன் காத்துக்கு இப்படித்தான் ஆகும். சரி, அழறேன். எனக்கு வயிறு எரியுது தம்பி. நல்ல மனுஷனைக் கட்டிக்கிட்டேன், பிள்ளை பெத்தேன், ஒரு குறையும் இல்ல, அது வேற. ஆனா அந்த ஆளை நினைச்சு நினைச்சு வெறுக்கறதுக்கு நான் எவ்வளவு பாடுபட்டிருக்கேன் தெரியுமா? ரேஷன் கடையில எத்தனை தடவை சர்க்கரை இல்லாம வந்திருக்கேன்.

கலா, என் செருப்பு எங்க? அந்த நீலச் சேலையை எடு, இது கசங்கி இருக்கு. வேண்டாம், இதே போதும். தம்பி, நீங்க கார்லயா வந்தீங்க? அவர் வீடு எனக்குத் தெரியும், நான் வழி காட்டறேன். நீங்க முதல்ல உள்ள போகாதீங்க, வெளியவே இருங்க. டேப்பையும் போட வேண்டாம். நான் போய் அந்த ஆளைக் கேக்கணும். ஓடை தாண்டி கேக்கற மாதிரி பாடத் தெரிஞ்ச வாய்க்கு, ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் வீட்டு வாசல்ல வந்து 'சிட்டு, நான் உனக்காகத்தான் எழுந்தேன்'னு சொல்லத் தெரியலையான்னு கேக்கணும்.